அச்சும் சந்தையும் – 9: வாகரைக் காணியும் பத்திரிகை அறிவித்தலும்

பொருள்வாரியாகப் பிரித்து, சொற்களை எண்ணிக் கட்டணம் பெற்றுப் பத்திரிகைகள் வெளியிடும் சிறு விளம்பரங்களை இணையச் சந்தைகள் இல்லாமற் செய்துவிடுமா என்று கேட்போர், அவ்விளம்பரங்கள் அனைத்தும் ஒரே வேலையைச் செய்வதாகக் கொள்கின்றனர். உண்மையில் அவற்றுட் சில வாங்குவோரைத் தேடுவன. வேறு சில ஒரு செய்தியை ஊரறியச் சொல்லி, சொன்ன நாளுக்குச் சான்று வைப்பன.

வாங்குவோரைத் தேடுவன ஏறக்குறைய இணையத்துக்குப் போய்விட்டன. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கிய பட்டியல், கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் தளமாகி, பெரும்பாலான விளம்பரங்களை இலவசமாக ஏற்றதால், 2000 முதல் 2007 வரை அமெரிக்காவில் விளம்பரம் கொடுப்போர் ஏறத்தாழ 500 கோடி டொலரை மிச்சம்பிடித்தனர் என ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் சூ ஆகிய ஆய்வாளர்கள் கணித்தனர். அம்மிச்சம் பத்திரிகைகளின் இழப்பாயிற்று. இலங்கையில் 2012இல் தொடங்கிய இக்மன் தளம் அதே வழியிற் சென்றது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள வாகரையில் நிலைமை சற்று வேறானது. பழைய தோணியோ இயந்திரமோ விற்க விரும்பும் மீனவர், கொழும்பில் அச்சாகும் பத்திரிகைக்குக் காசு கட்டி விளம்பரம் கொடுப்பதைவிட வாடியிலும் கடைத்தெருவிலும் சொல்லிவைப்பதே இயல்பாதலால், அங்கே கைபேசி பிடித்துக்கொண்ட இடம் பெரும்பாலும் வாய்ச்சொல்லின் இடமே.

காணி விடயம் அவ்வாறு எளிதில் முடிவதில்லை. 2004இன் ஆழிப்பேரலையும் 2006, 2007ஆம் ஆண்டுகளின் போரும் இடப்பெயர்வும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கிய இப்பகுதியில், உயிர்களோடும் வீடுகளோடும் காணிப் பத்திரங்களும் அழிந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியைக் கைபேசியைப் போல இணையத்தில் விலைகூறி விற்றுவிட முடியாது. தனியார் உறுதிக் காணியிலும், இறந்தவரின் சொத்தை நிருவகிக்க நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் மரணசாதன வழக்கில், உரிமை கோரக்கூடிய பிறர் அறியும்படி பத்திரிகையில் அறிவித்தல் வெளியிடவேண்டும். ஒருவர் தம் சார்பிற் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த அதிகாரமாகிய அற்றோணித் தத்துவத்தை இரத்துச் செய்வோரும் அவ்வாறே பத்திரிகையில் அறிவிக்கின்றனர். இணைய விளம்பரத்தை இட்டவரே இரவோடிரவாகத் திருத்தவும் அழிக்கவும் இயலும். அச்சிட்ட பக்கமோ திகதியோடு நின்று, சுவடிகள் கூடத்தில் பேணப்பட்டு, பல்லாண்டு கழித்தும் வழக்கில் எடுத்துக்காட்டப்படக் கூடியது. கணவரையும் உறுதியையும் ஒருங்கே இழந்த ஒரு பெண்ணுக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

எனினும் அச்சு மட்டும் போதும் என்பதும் நியாயமாகாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாள் இல்லாமையால் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமைப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. அன்றியும், வாகரைக் காணிக்கு உரியோருட் சிலர் இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கலாம். கொழும்புப் பத்திரிகையின் உட்பக்கம் அவர்கள் கண்ணிற் படுவது அரிது. புலம்பெயர்ந்த உறவினரை உடனே எட்டவேண்டியிருந்ததாலேயே மரண அறிவித்தல்கள் முன்னதாகவே இணையத்திற் பெருகின. காணி அறிவித்தல்களும் அதே மக்களை எட்டவேண்டியவை. ஆதலால் பத்திரிகை வெளியீட்டைக் கைவிடாமல், திகதியிட்டு எவராலும் மாற்றவியலாதவாறு அவற்றைத் தமிழில் பதியும் அரச இணையப் பதிவேடு ஒன்றையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.