ஒன்றும் நிகழாத நாட்கள்

கடற்பயணத்தைப் பற்றி எழுதியவர்களுட் பலர் புயலையும் துறைமுகங்களையுமே விரிவாக வருணித்திருக்கிறார்கள். ஆனால், பயணி ஒருவனது நாட்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஒன்றுமே நிகழாத அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1962 யூலையில் மேற்படிப்புக்காகக் கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினேன். முதலில் வருவது ஏடன் துறைமுகம். ஏறத்தாழ 2,100 கடல் மைல். எங்கள் கப்பலுக்கு ஆறு நாள் ஓட்டம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். சாப்பாட்டு மேசையில் தட்டுகள் வழுக்காதிருக்க விரிப்பின் மீது நீர் தெளிப்பார்கள். மேசையைச் சுற்றி விளிம்புச் சட்டத்தையும் உயர்த்திவிடுவார்கள். முதல் இரண்டு நாட்களும் அந்த மேசையை நான் காணவில்லை. படுக்கையே கதி என்று கிடந்தேன்.

தலைச்சுற்றுத் தீர்ந்தபின்தான் கப்பலின் ஒழுங்கு புரிந்தது. காலைத் தேநீர், உயிர்காப்பு அங்கியணிந்து படகருகே நிற்கும் ஒத்திகை, மணியடித்ததும் உணவு, மீதி நேரமெல்லாம் சாய்நாற்காலி. நண்பகலில் கப்பல் நிற்குமிடத்தையும் முதல்நாள் நண்பகலிலிருந்து அது ஓடிய தூரத்தையும் பலகையில் எழுதி வைப்பார்கள். அந்தத் தூரத்தின் மீது பந்தயம் கட்டுவோரும் உண்டு. செய்தி என்று சொல்ல எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வேலையில்லாத இத்தகைய பொழுதில், மனிதன் தன்னோடு கொண்டுவந்தது எதுவோ அது வெளிப்பட்டுவிடுகிறது. 1888இல் இலண்டன் சென்ற காந்தி, ஆங்கிலம் பேசக் கூசி, முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாமல், இறைச்சி சேராத உணவு எதுவென்று கேட்கவும் துணியாமல், கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே உண்டதைச் சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதுகிறார். 1937இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் சென்ற ஏ. கே. செட்டியாருக்கோ, அதே காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் உதித்தது. 1940இல் அந்தப் படம் வெளிவந்தது. ஒருவருக்குக் கூச்சம், மற்றவருக்குக் கனவு.

எனக்கு நேர்ந்தது மிகச் சிறியது. மேற்கே பதினைந்து பாகை நெட்டாங்கு கடந்தால் ஒரு மணித்தியாலம் பின்தங்கவேண்டும். ஆகவே, இரவில் கப்பற் கடிகாரங்களை அரை மணித்தியாலம் பின்னே திருப்புவார்கள். எல்லோரும் தத்தம் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை. அம்மா என்னைப் போகவேண்டாமென்று தடுக்கவில்லை. புகையிரத நிலையத்துக்கு வரவுமில்லை. படலையடியோடு நின்றுவிட்டார். ஊர் நேரத்தை விட்டால் அவரையும் விட்டதாகிவிடும் என்று ஏதோ ஒரு பிடிவாதம்.

ஐந்தாம் நாள் மேற்தளத்தில் இருந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை மணி. வீட்டில் அம்மா விளக்கேற்றும் வேளை. நிமிர்ந்து பார்த்தால், கடலில் வெயில் இன்னும் சாயவில்லை. கப்பற் கடிகாரத்தில் நாலரைதான். அவரது மாலைப்பொழுது எனக்கு இனி மாலையல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

உடனே கீழே சென்று, ஐந்து நாட்களாகத் தள்ளிப்போட்ட கடிதத்தை எழுதினேன். படலையடியில் சொல்லாமல் வந்ததையெல்லாம் அதில் எழுதினேன். ஏடனில் தபாலிற் சேர்ப்பதற்காக உறையை ஒட்டியபிறகே கடிகாரத்தைத் திருப்பினேன்.