விறகு பிளக்கும் மிஷினா? விரல் பத்திரம்!

ஒரு நாள் மாலை. மாகறல் விறகுத் தொட்டியில் வேலை செய்கிற நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். இடது ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"சிலாம்பு குத்திடுச்சு போல ஐயா. ஏதாவது பத்து போட்டு விடுங்க. காலைல லோடு ஏத்தணும்" என்றார்.

நானும் பற்று அரைக்கச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, "எப்படிக் குத்திச்சு?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் மிஷின்ல எண்ணெய் கசிஞ்சுது. எங்கேன்னு பைப்பைத் தடவிப் பார்த்தேன். சுருக்குன்னுச்சு."

அவ்வளவுதான். பற்றும் வேண்டாம், கட்டும் வேண்டாம் என்று உடனே ஒரு காரில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினேன். அன்றிரவே விரலைத் திறந்து, உள்ளே பரவியிருந்த எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். விரல் இன்று முழுதாக மடங்காது. ஆனால் இருக்கிறது!

கடுகளவு புள்ளிக்கு ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். விறகு பிளக்கும் மிஷினில் ஆப்பைத் தள்ளுவது பெட்ரோல் எஞ்சின் நேரடியாக அல்ல. அது அழுத்தி அனுப்பும் எண்ணெய்தான். ஜே.சி.பி.யின் கை நீண்டு மடங்குவதும் இதே முறையில்தான். கார் டயரில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ அழுத்தம். இந்தக் குழாயில் 200 கிலோ வரை ஏறும்! ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும், பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து நரம்பு வழியே உள்ளங்கை வரை ஓடிவிடும். முதலில் வலி தெரியாது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகத் தொடங்கும். எனவே கசிவைக் கையால் தேடவே கூடாது. ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் இறங்கியபின்தான் குழாயைத் தொட வேண்டும்.

காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை அடுப்பு, கல்யாணச் சமையல், டீக்கடை என்று விறகுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்தபோது சாய்ந்த மரங்கள் கொஞ்சமா? கரண்ட் இல்லாத நேரத்தில் பெட்ரோல் மிஷின்தான் கை கொடுக்கும். கை கொடுக்கிற மிஷின் கையை எடுத்துவிடாமல் இருக்க வேண்டுமே!

வேலை செய்யும்போது...

* ஒரு மிஷினுக்கு ஒரே ஆள். ஒருவர் கட்டையைப் பிடிக்க, மற்றவர் லிவரைத் தள்ளுவதுதான் பெரிய ஆபத்து. "ம்" என்று ஒருவர் சொன்னது மற்றவருக்கு "தள்ளு" என்று கேட்டால் விரல் போச்சு! கட்டையை வைத்தவரே லிவரைத் தொடட்டும்.

* கட்டையைப் பக்கவாட்டில் பிடித்து வையுங்கள். முனைகளில் கை வேண்டாம். வைத்தபின் கையை எடுத்துவிட்டுத்தான் லிவர்.

* இரண்டு முனையும் நேராக அறுத்த கட்டையை நீளவாக்கில் மட்டுமே பிளக்க வேண்டும். குறுக்கே வைத்தால் தெறிக்கும். சவுக்கு சமர்த்தாகப் பிளக்கும். கணு உள்ள புளியங்கட்டை முரண்டு பிடிக்கும்.

* கட்டை சிக்கினால் ஆப்பைப் பின்னுக்கு இழுத்து, எஞ்சினை நிறுத்தியபின் எடுங்கள்.

* தொங்கும் துண்டு, அவிழும் லுங்கி வேண்டாம். கண்ணாடி, காதடைப்பான், கனமான ஷூ அவசியம். திருகுக் கூம்பு சுழன்று பிளக்கும் வகை என்றால் கையுறையும் கூடாது. கையோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

* சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். கால் மணி நேரம் ஆறட்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் பீடியைக்கூடத் தேடிப் பிடிக்கும்.

* மழை என்று ஷெட்டுக்குள் இழுத்து ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்றால் உடனே வெளிக் காற்றுக்கு வந்துவிடுங்கள்.

* பிள்ளைகள் பக்கத்திலேயே வரக் கூடாது.

அடிபட்டுவிட்டால்...

சித்த மருத்துவத்தில் புற மருந்து 32 வகை. அறுவையும் அதில் ஒன்று. வெட்டுக்காயப் பூண்டின் சாறு சிராய்ப்புக்கும் சிறு கீறலுக்கும் நல்லது. நானும் தருகிறேன். ஆனால் மிஷின் காயத்துக்குப் பச்சிலையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம்!

சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். 108ஐ அழையுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரே விரலில் படக் கூடாது, தசை கருகிவிடும். மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது முக்கியம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டெட்டனஸ் ஊசியையும் மறக்காதீர்கள்.

தையல் பிரித்து, புண் ஆறியபின், விரல் மடங்கத் தைலமும் ஒற்றடமும் தேவை என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு எங்களிடம் வாருங்கள். அது எங்கள் வேலை. அதற்கு முன்னால் வந்தால், "ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்" என்று சொல்வதுதான் என் வைத்தியம்.

அந்தத் தொட்டிக்காரர் இப்போது மிஷின் பக்கத்தில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், கசிவு பார்க்க. உங்கள் மிஷினிலும் ஒன்று தொங்கட்டும்.