வயதான பிறகு வேலை தேடுகிறீர்களா? பதில் வராததன் காரணங்களும் பதில் வரச் செய்யும் வழிகளும்

பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை என்றால், "இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?" என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் பதில் வராததை வைத்து உங்கள் திறமையை எடைபோடாதீர்கள். பல விண்ணப்பங்கள் சரியான ஆளின் பார்வைக்கே போவதில்லை. அந்தத் தடைகளில் சிலவற்றை நீங்களே நீக்கலாம்.

வேலை சம்பளத்தோடு வேறு நன்மைகளையும் தருகிறது. காலையில் எழுந்து கிளம்பவும், நடக்கவும், நாலு பேரோடு பேசவும் அது வாய்ப்பளிக்கிறது. உடலும் மனமும் துடிப்பாக இருக்க இவை உதவும்.

பதில் ஏன் வருவதில்லை?

முன்பெல்லாம் சிராங்கூன் ரோட்டில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, நேரில் போய்ப் பேசி வேலையில் சேர்ந்தவர்கள் பலர். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் இணையம் வழியாக ஆள் எடுக்கின்றன. விண்ணப்பம் அனுப்புவது எளிதாகிவிட்டதால் ஒரே வேலைக்கு நிறைய விண்ணப்பங்கள் குவிகின்றன. சில நிறுவனங்களில் அவற்றை முதலில் கணினியே வடிகட்டுகிறது. விளம்பரத்தில் கேட்ட திறன் உங்கள் தன்விவரக் குறிப்பில் அதே சொல்லில் இல்லையென்றால், அது ஒதுக்கப்படலாம். வேலைக்கு ஆள் கிடைத்த பிறகும் விளம்பரம் சில நாள் இருப்பதுண்டு.

முதலாளிகளின் மனத்தில் சில கேள்விகளும் இருக்கும். இவரால் இந்த வேலையின் சிரமத்தைத் தாங்க முடியுமா? இளைய மேற்பார்வையாளர் சொல்வதைக் கேட்பாரா? பழைய சம்பளத்தையே எதிர்பார்ப்பாரா? இவற்றை அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பதிலை நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு காரணம் உங்கள் கைப்பேசியில் இருக்கலாம். மோசடிக்குப் பயந்து, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதில்லை. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் தெரியாத எண்ணிலிருந்துதான் வரும்.

பதில் வரச் செய்ய ஆறு வழிகள்

1. இப்போது வேலையில் இருந்தால், முதலில் உங்கள் முதலாளியிடம் பேசுங்கள். 2022 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் ஓய்வுபெறும் வயது 63, மறுவேலை வயது 68. 2026 ஜூலை 1 முதல் இவை 64, 69 என உயர்கின்றன. தகுதிபெறும் ஊழியருக்கு மறுவேலை வழங்க முதலாளி முன்வர வேண்டும். ஓய்வு வயது நெருங்கும் வரை காத்திருக்காமல், சில மாதங்களுக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள்.

2. தன்விவரக் குறிப்பை இரண்டு பக்கங்களுக்குள் முடியுங்கள். "கிடங்கில் வேலை செய்தேன்" என்று மட்டும் எழுத வேண்டாம். "கிடங்கில் 12 ஆண்டுகள்: சரக்கு வரவு, இருப்புக் கணக்கு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதல்" என எழுதுங்கள். கடைசி 10 அல்லது 15 ஆண்டு வேலைகளே போதும். பேரப்பிள்ளைகளையோ நோயுற்றவரையோ பார்த்துக்கொண்ட ஆண்டுகளை மறைக்க வேண்டாம். ஒரே வரியில் சொல்லுங்கள். பிறந்த தேதி, அடையாள அட்டை எண், சமயம், புகைப்படம் ஆகியவை தேவையில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிப் பேசப்போவது நீங்கள்தான்.

3. பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓரிடத்தில் தலைப்பெழுத்து, இன்னோரிடத்தில் தந்தை பெயர் என்றிருந்தால், இருவேறு ஆட்கள் என்று நினைத்துவிடக்கூடும்.

4. தேவையான சான்றிதழை முன்கூட்டியே பெறுங்கள். உணவு கையாளும் வேலைக்கு அடிப்படை உணவுப் பாதுகாப்புப் பயிற்சி தேவை. பாதுகாவல் வேலைக்குப் பயிற்சியும் காவல்துறையின் உரிமமும் தேவை. இவை கையில் இருந்தால் "உடனே வேலையைத் தொடங்கலாம்" என்று சொல்ல முடியும். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை வழங்கப்பட்டது. எந்தப் பயிற்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதைப் பதிவுசெய்யும் முன் கேட்டறியுங்கள்.

5. குறைவாக விண்ணப்பியுங்கள், பொருத்தமாக விண்ணப்பியுங்கள். பொருந்தாத 30 வேலைகளைவிடப் பொருந்தும் 3 வேலைகள் மேல். விளம்பரத்தில் உள்ள சொற்களில் உங்களுக்குப் பொருந்துவனவற்றை அப்படியே குறிப்பில் சேருங்கள். வேலை நேரம், பயணத் தூரம், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, பணிவான குறுஞ்செய்தி ஒன்று அனுப்பிக் கேட்கலாம்.

6. ஆட்களிடமும் சொல்லிவையுங்கள். முன்னாள் சக ஊழியர், சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், அண்டைவீட்டார் எனத் தெரிந்தவர்களிடம், "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பதற்குப் பதிலாக, "காலை நேரக் காசாளர் வேலை தேடுகிறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொன்னதுதான் அவர்கள் நினைவில் நிற்கும்.

அழைப்பை எடுங்கள், விழிப்பாகவும் இருங்கள்

வேலை தேடும் நாள்களில் தெரியாத எண்ணையும் எடுத்துப் பேசுங்கள். எந்த நிறுவனம், எந்த வேலை என்று கேட்டு, விண்ணப்பித்த இடங்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலைக் கைப்பேசிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். வேலை தரும் முன் பணம் கேட்டாலோ, சிங்பாஸ் மறைச்சொல்லைக் கேட்டாலோ, வீட்டிலிருந்தே எளிதாகச் சம்பாதிக்கலாம் என்று டெலிகிராமில் அழைத்தாலோ விலகிவிடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

உடல்நலத்தையும் கணக்கில் வையுங்கள்

நீரிழிவு உள்ளவர்கள் இரவு வேலையை ஏற்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். சாப்பாட்டு நேரமும் மருந்து நேரமும் மாறக்கூடும். நாள் முழுதும் நிற்கும் வேலையென்றால் முழங்கால் வலியையும் பாதங்களின் நிலையையும் சொல்லி ஆலோசனை கேளுங்கள். நேர்முகத் தேர்வுக்காக மருத்துவச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். வேறு தேதி கேட்டு வாங்குங்கள்.

வேலை தேடுவதற்கு நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மீதி நேரத்தில் நடைப்பயிற்சி செய்யுங்கள், நண்பர்களைப் பாருங்கள். தூக்கம் கெட்டு, பசி குறைந்து, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். "வேலை கிடைத்தால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

வயது காரணமாக ஒதுக்கப்பட்டால்

முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, ஆள் எடுப்பதற்கு வயதை அளவுகோலாக வைக்கக்கூடாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டமும் வயதுப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு தர வகைசெய்கிறது. "இளையவர்கள் மட்டும்" என்ற விளம்பரத்தைக் கண்டால் அதைப் படம் எடுத்து வைத்து, நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் தெரிவிக்கலாம்.

எங்கே உதவி கேட்கலாம்?

• பாய லேபாரில் உள்ள வாழ்நாள் கற்றல் கழகத்தில் வேலை ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

• என்டியுசியின் வேலைவாய்ப்பு உதவி நிலையம் ஜூரோங் ஈஸ்ட் ஸ்திரீட் 21இல், தேவன் நாயர் பெயர் தாங்கிய கட்டடத்தில் உள்ளது.

• லிட்டில் இந்தியாவுக்கு அருகில் இருப்பவர்கள் பியட்டி ரோட்டில் உள்ள சிண்டா அலுவலகத்தில், குடும்பத்துக்கான ஆதரவு பற்றிக் கேட்கலாம்.

• மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால், சமூக மன்றத்திலோ நூலகத்திலோ மின்னிலக்க உதவி கேளுங்கள்.

• மனம் சோர்ந்திருந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே 1767ஐ அழையுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியத்தைச் செய்யுங்கள்: உங்கள் தன்விவரக் குறிப்பை ஒரு வேலை ஆலோசகரிடம் காட்டி, "இதில் எதை மாற்றினால் என்னை அழைப்பார்கள்?" என்று கேளுங்கள்.