கணினி கட்டுவோம் – 9: தண்ணீர் சுற்றும் பாதை

சென்ற வாரம் மதர்போர்டு, பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றையும் பெட்டிக்குள் பொருத்தி முடித்தோம். இந்த வாரம் அவற்றின் மேல் தண்ணீர் ஓடப்போகிறது. மின்சாரம் பாயும் பெட்டிக்குள் தண்ணீரா என்று வயிறு கலங்குகிறவர்கள் உண்டு. வரிசை மாறாமல் வேலை செய்தால் அந்தக் கலக்கத்துக்கு இடமே இல்லை.

முதலில் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தைத் தண்ணீர் அழித்துவிடாது. சில்லில் பிறக்கும் சூட்டை வாங்கி, ரேடியேட்டர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். அங்கிருந்து அறையின் காற்றுதான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே எவ்வளவு செலவழித்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இந்தக் கணினி குளிராது. மே மாதத்தில் அறை 36 டிகிரி இருந்தால், சுற்றும் தண்ணீர் 46 டிகிரியைத் தொடும். அதில் தவறு ஏதும் இல்லை. பம்ப் தயாரிப்பாளர்கள் பலர் விதிக்கும் எல்லை 60 டிகிரி.

தண்ணீரை ஏன் தேர்ந்தெடுக்கிறோம்? ஒரே கன அளவில், ஒரு டிகிரி சூடேற, காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் ஏற்றுக்கொள்ளும். நாம் வாங்கியிருக்கும் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில், தபால்தலை அளவுள்ள சுமார் 609 சதுர மில்லிமீட்டர் சில்லு ஒன்றுதான் கார்டின் 450 வாட்டில் பெரும்பகுதியை விழுங்குகிறது. ஐ9-14900கே பிராசஸரின் உச்சம் 253 வாட். இவ்வளவு சிறிய இடத்திலிருந்து இவ்வளவு சூட்டைச் சத்தமில்லாமல் இழுத்து வெளியே விடத் தண்ணீரே வசதி.

காரிலிருந்து வந்த ரேடியேட்டர்

பெருங்கணினிகளுக்குத் திரவக் குளிர்ச்சி பழைய கதை. ஐ.பி.எம். 1980இல் அறிவித்த 3081 தண்ணீரால்தான் குளிர்ந்தது. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் மின்சுற்றுகள், மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுவதுமாக மூழ்கியிருந்தன. வீட்டுக் கணினிக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஆர்வலர்கள். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் இதற்கென்று கடைகளில் கிடைத்த பொருட்கள் மிகக் குறைவு. குளிர்நாட்டுக் கார்களில் உள்ளறையைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரைக் கழற்றி எடுத்தார்கள். மீன்தொட்டிப் பம்பைச் சேர்த்தார்கள். செம்புக் கட்டியைக் குடைந்து, சில்லின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக் செய்தார்கள். இன்று பலரும் விரும்பி வாங்கும் டி5 பம்பும் கணினிக்காகப் பிறந்தது இல்லை. வெந்நீரைச் சுற்றவிடும் வேலைக்காக லைங் நிறுவனம் உருவாக்கியது. 2004இல் ஆப்பிளே தன் பவர் மேக் ஜி5 வரிசையின் உச்ச மாடலைத் திரவக் குளிர்ச்சியோடு விற்றது. கடையில் கிடைக்காததைக் கையால் செய்து பார்த்த அந்த மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பணத்தை எங்கே போடுவது?

ஆர்வலர்களிடையே ஒரு பொதுக் கணக்கு உண்டு: விசிறிகள் மெதுவாகச் சுற்ற வேண்டுமானால், ஒவ்வொரு 120 மி.மீ. விசிறி அளவு ரேடியேட்டருக்கும் 100 வாட். விளையாடும்போது பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அரிது. எனவே 600 வாட் என்று வைத்துக்கொண்டு, 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு எடுத்திருக்கிறோம். பளபளக்கும் பிளாக்குக்கும் வண்ணத் திரவத்துக்கும் செலவழித்துவிட்டு ரேடியேட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பரப்பு குறைந்தால் விசிறிகள் வேகமெடுக்கும்; நாம் தேடிவந்த அமைதி போய்விடும்.

தண்ணீர் ஓடும் சுற்றில் எந்தப் பாகம் முன்னால், எது பின்னால் என்று பலர் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீர், 600 வாட்டை வாங்கிக்கொண்டால் ஒரு சுற்றில் சூடேறுவது சுமார் 2 டிகிரிதான். ஆகவே குழாய் எந்த வழியில் அழகாகவும் சுருக்கமாகவும் போகுமோ அந்த வழியில் விடுங்கள். மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று: திரவத்தைத் தேக்கிவைக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும். வறண்டு ஓடும் பம்ப் விரைவில் கெட்டுவிடும்.

உலோகத்திலும் கவனம் வேண்டும். பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பாக அல்லது பித்தளையாக இருக்கட்டும். அதே சுற்றில் அலுமினியம் கலந்தால் அது அரிக்கப்படும். அரித்த துகள், பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் போய் அடைக்கும். புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த கசடு மிஞ்சியிருக்கும். சூடான, காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு உள்ளே படியும். சுற்றில் நிரப்புவதும் காய்ச்சி வடித்த நீர்தான். பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் காக்க, இதற்கென விற்கும் மருந்தைக் குறிப்பிட்ட அளவில் சேருங்கள்.

கசிவுச் சோதனை

இனி வருவதுதான் இந்த வாரத்தின் முக்கியமான வேலை. குழாயை இணைக்கும் ஃபிட்டிங் ஒவ்வொன்றிலும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் மடியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையால் முறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் பிதுங்கும். தண்ணீர் ஊற்றும் முன் காற்றால் சோதியுங்கள். மானியுள்ள சிறு கைப்பம்பால் அரை பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. தண்ணீர் இல்லாததால் எதுவும் நனையாது, நிதானமாகத் தேடலாம்.

முள் நின்றால் நிரப்பலாம். மதர்போர்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின் இணைப்புகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளையின் 24 பின் முனையில், இதற்கென விற்கும் ஜம்பரைச் செருகினால் பம்பை மட்டும் ஓட்டலாம். தொட்டியை நிரப்பி, சில நொடிகள் ஓட்டி, மட்டம் இறங்கியதும் நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் சிக்கிய காற்று வெளியேறும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். சொட்டு விழுந்தாலும் பயமில்லை. மின்சாரம் இல்லாத போர்டை நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மின்சாரம் பாயும் போர்டில் விழும் சொட்டு அப்படி இல்லை. வடித்த நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று நம்பி அவசரப்படாதீர்கள். தூசியையும் உலோக அயனிகளையும் சேர்த்துக்கொண்டதும் அது கடத்தத் தொடங்கிவிடும்.

சுற்றின் மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு ஒன்றை இப்போதே வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். அப்போது வால்வைத் திறந்தால் வேலை பாதி முடிந்துவிடும். பராமரிக்க மனமில்லாதவர்களுக்கு நல்ல காற்றுக் குளிர்விப்பானே ஏற்றது. அதில் குறைவொன்றும் இல்லை. தன் கையால் கட்டி, ஆண்டுதோறும் கழுவிக் காப்பாற்றத் தயாராக இருப்பவருக்கு இந்தக் கணினி பல காலம் உழைக்கும்.

காகிதங்கள் உலர்ந்தே இருந்தால் மின் இணைப்புகளைத் திரும்பக் கொடுக்கலாம். அடுத்த வாரம் முதன்முறையாகக் கணினியை இயக்கி, தண்ணீரின் வெப்பநிலையை வைத்து விசிறிகளின் வேகத்தை அமைப்போம்.

(தொடரும்)