படம் அச்சிடும் பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா?

உங்கள் வீட்டுச் சுவரைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். தாத்தாவின் படம் ஒன்று, பாட்டியின் படம் ஒன்று. இரண்டும் கறுப்பு வெள்ளை. அலமாரிக்குள் ஒரு கல்யாண ஆல்பம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், எடுத்த விழாக்கள், தைப்பூசக் காவடி, பள்ளி விளையாட்டுப் போட்டி, இவையெல்லாம் எங்கே? கைப்பேசிக்குள் கிடக்கின்றன!

நம் மக்களுக்குப் படம் என்பது ஒரு காலத்தில் எட்டாத பொருள். 1948-ல் அவசரகாலம் வந்தபோது, 12 வயதைத் தாண்டிய எல்லோரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. தோட்டத்துப் பெரியவர்கள் பலர் முதன்முதலாகக் கேமரா முன் உட்கார்ந்தது அந்தக் கார்டுக்காகத்தான். சிரிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு எடுத்த அந்தப் படமே பல வீடுகளில் பிற்பாடு மாலை போட்ட படமாயிற்று.

இன்றோ ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். ஆனால் கைப்பேசி மழையில் நனைந்தால் போயிற்று; வாய்க்காலில் விழுந்தால் போயிற்று. வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிய அன்று, சட்டம் போட நல்ல படம் ஒன்று கிடைக்காமல் பிள்ளைகள் தவிப்பதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? ஆகவே படங்களைத் தாளில் அச்சிட்டு வைக்க வேண்டும் என்ற எண்ணம் மிக நல்ல எண்ணம். 'ஒரு பிரிண்டர் வாங்கிவிட்டால் என்ன?' என்ற கேள்வியும் நியாயமானதுதான். வாங்குவதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுவோம்.

சுண்டைக்காய் கால் பணம்

ஈப்போவுக்கு இறங்கிப் போனால் கடையில் சின்னப் பிரிண்டர்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். விலையைக் கேட்டால் 'இவ்வளவுதானா!' என்று தோன்றும். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழியை அந்த நேரத்தில் மறந்துவிடாதீர்கள். பிரிண்டர் சுண்டைக்காய், மை சுமைகூலி. பிரிண்டரை நீங்கள் ஒரு தடவைதான் வாங்குகிறீர்கள். மையையோ அது உழைக்கும் காலம் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஏற்ற பிரிண்டர்கள் மூன்று வகை.

முதல் வகை, கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர். இதன் விலை குறைவு, மைப்பெட்டி சிறியது. பெரும்பாலும் மூன்று வண்ணங்கள் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். மூன்றில் ஒன்று தீர்ந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதுதான்.

இரண்டாவது, புட்டியிலிருந்து மையை ஊற்றும் 'டேங்க்' பிரிண்டர். எப்சன், கேனன், எச்பி, பிரதர் ஆகிய நிறுவனங்கள் எல்லாம் இப்போது இதைச் செய்கின்றன. இதன் விலை கூட. ஆனால் மை மலிவு. ஒரு வண்ணம் தீர்ந்தால் அந்த வண்ணத்தை மட்டும் ஊற்றினால் போதும்.

மூன்றாவது, மை நாடாவைச் சூடாக்கிப் படத்தைத் தாளில் ஏற்றும் சிறிய பெட்டி. கேனன் செல்ஃபி இந்த வகையைச் சேர்ந்தது. நாடாவும் தாளும் ஒரே கட்டாக வரும். ஒரு கட்டில் நமக்குப் பிடித்த எண்: 108 படங்கள்! அந்தக் கட்டின் விலையை 108-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் விலை தெரிந்துவிடும். ஒளிவு மறைவு இல்லை. மாதக் கணக்கில் சும்மா கிடந்தாலும் மை காய்ந்து அடைக்காது. அஞ்சல் அட்டை அளவுக்கு மேல் இதில் எடுக்க முடியாது என்பதுதான் குறை.

பக்கக் கணக்கு வேறு, படக் கணக்கு வேறு

பெட்டியின் மேல் 'இத்தனை பக்கம் வரும்' என்று போட்டிருப்பார்கள். எச்பி 680 மூவர்ணப் பெட்டிக்கு ஏறத்தாழ 150 பக்கம். எப்சன் 003 வண்ணப் புட்டிகளுக்கு 7,500 பக்கம். இரண்டு வகைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே புரியும்.

ஆனால் அந்தப் பக்கம் என்ன பக்கம்? எழுத்தும் சிறு படங்களும் கலந்த சோதனைத் தாளை வைத்து உலகத் தர நிறுவனம் வகுத்த முறையில் எண்ணிய பக்கம் அது. அதில் தாளின் பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கும். உங்கள் மகளின் பிறந்தநாள் படமோ நான்கு ஓரமும் மையால் நிறைந்தது. ஆகவே 'பக்கம்' என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். '4ஆர் படம் எத்தனை வரும்?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். படத்துக்கென்றே வந்த ஆறு வண்ணப் பிரிண்டரான எப்சன் எல்805-க்கு, ஒரு தொகுதி புட்டிகளில் 1,800 படம் வரை வரும் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. நமக்கு வேண்டியது இந்த மாதிரிக் கணக்கு.

உங்கள் வீட்டுக் கணக்கு

இப்போது ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

நல்ல டேங்க் பிரிண்டர் ஒன்று 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் பாதிக்கு மேல் இது ஒன்றுக்கே போய்விடும். விளையாட்டான காசு அல்ல! பிரிண்டர் 5 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 180 வெள்ளி. தாளும் மையும் ஒரு படத்துக்கு 50 காசு. கடையில் கொடுத்தால் ஒரு படம் 1 வெள்ளி.

ஒரு குடும்பம் வருடத்துக்கு 60 படம் போடுகிறது. வீட்டில் போட்டால் 180 வெள்ளியும் 30 வெள்ளியும் சேர்ந்து 210 வெள்ளி. ஒரு படம் மூன்றரை வெள்ளி! கடையில் கொடுத்திருந்தால் 60 வெள்ளியோடு முடிந்திருக்கும்.

அதே பிரிண்டரைப் பக்கத்து வீடுகள் சேர்ந்து பயன்படுத்தி, வருடத்துக்கு 600 படம் போட்டால்? 180-ம் 300-ம் சேர்ந்து 480 வெள்ளி. ஒரு படம் 80 காசு. இப்போது கடையை விட மலிவு.

இரண்டும் சமமாகும் இடம் எது? வருடத்துக்கு 360 படம். நாளுக்கு ஒரு படம் என்ற கணக்கு. அதற்குக் குறைவாக அச்சிடும் வீட்டுக்குக் கடைதான் லாபம். அதற்கு மேல் போகிறவர்களுக்கும், நாலைந்து வீடு சேர்ந்து வாங்குகிறவர்களுக்கும் டேங்க் பிரிண்டர் லாபம். பிள்ளைகளின் பள்ளிப் பயிற்சித் தாள்களையும் அதிலேயே எடுப்பதானால் சமமாகும் எண் இன்னும் கீழே இறங்கும்.

கூட்டாக வாங்குவதானால் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். படம் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று டப்பாவில் போட வேண்டும். அந்தக் காசில்தான் அடுத்த மைப்புட்டி. தீபாவளிச் சீட்டு நடத்தத் தெரிந்த நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரியமா?

மையைக் குடிப்பது படம் மட்டும் அல்ல

1977-ல் கேனன் ஆய்வுக்கூடத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. சூட்டினால் மைத்துளி தெறிக்கும் பிரிண்டர் அந்த நிறுவனத்தில் அப்படித்தான் பிறந்தது. சூட்டினால் ஆனாலும் அழுத்தத்தினால் ஆனாலும், இன்றைய மை பிரிண்டர்கள் எல்லாம் தலைமுடியை விட மெல்லிய துளைகள் வழியாகவே மையைத் துப்புகின்றன. சும்மா விட்டால் அந்தத் துளைகளில் மை காய்ந்து அடைக்கும். அடைப்பை நீக்க பிரிண்டர் தன் மையைக் கொண்டே தன்னைக் கழுவிக்கொள்ளும். ஒரு படமும் வராமலேயே மை குறைவது இதனால்தான்.

இதற்குச் சில வழிகள் உண்டு.

பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் மட்டுமே அணையுங்கள். அப்போது மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடி போட்டுக்கொள்ளும். சுவர் சுவிட்சைச் சட்டென்று அணைத்தால் வேலையின் நடுவே அது திறந்தபடியே நின்று காய்ந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு முறை நான்கு வண்ணமும் கலந்த சிறு தாள் ஒன்றை எடுங்கள். அதற்குச் செலவாகும் மை, கழுவுவதற்குச் செலவாகும் மையை விடக் குறைவு.

கோடு விழுகிறது என்றால் ஒரு முறை கழுவுங்கள். சோதனைத் தாள் எடுத்துப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுவிட்டுச் செய்யுங்கள். பதற்றத்தில் பத்து முறை கழுவினால் பாதிப் புட்டி காலி.

எந்தத் தாளைப் போடுகிறீர்களோ அந்தத் தாளின் பெயரைக் கைப்பேசியிலோ கணினியிலோ சரியாகத் தேர்ந்தெடுங்கள். சாதாரணத் தாளைப் போட்டுவிட்டு 'படத்தாள்' என்று சொன்னால் மை வழிந்து நிற்கும். ஓரம் இல்லாத படத்துக்கு மை தாளுக்கு வெளியேயும் தெறிக்கும். வெள்ளை ஓரம் விட்டால் கொஞ்சம் மிச்சம். அந்தக் காலத்துப் படம் போல அழகும் கூட.

நம் மலையின் ஈரம்

கீழே பட்டணத்தில் எழுதும் விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தேயிலைச் செடிக்கு உகந்த பனியும் மழையும் படத்தாளுக்குப் பகை. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை எந்த வீட்டிலும் துணி காயும் வேகத்தைப் பார்த்தாலே இது தெரியும்.

திறந்து வைத்த படத்தாள் ஈரத்தைக் குடித்துச் சுருளும், மை பரவும். ஆகவே தாள் கட்டைத் திறந்ததும், வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வையுங்கள். மருந்துப் புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளைத் தூக்கிப் போடாமல் அந்த டின்னில் போடுங்கள்.

அச்சிட்ட படத்தை உடனே ஆல்பத்தில் செருகாதீர்கள். ஒரு நாள் முழுவதும் காற்றோட்டமான இடத்தில் காயட்டும். கண்ணாடிச் சட்டத்தில் போடும்போது படம் கண்ணாடியை ஒட்டாமல் சுற்றிலும் அட்டை வையுங்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. சமையல் பக்கச் சுவரும் வெயில் விழும் ஜன்னல் எதிரும் படத்துக்கு ஆகாத இடங்கள்.

மலிவான வேறு மையை ஊற்றலாமா? பிள்ளைகளின் பயிற்சித் தாளுக்கு அது போதும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் உத்தரவாதக் காலம் முடியாத பிரிண்டரில் ஊற்றுவதற்கு முன் உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய படத்துக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம்.

முதலில் எந்தப் படம்?

ஆயிரம் படத்தையும் அச்சிட வேண்டியதில்லை. முதலில் அழிந்துகொண்டிருப்பதைக் காப்பாற்றுங்கள். 1970-களில் எடுத்த வண்ணப் படங்கள் பல இப்போது சிவந்து போயிருக்கும். அவற்றில் உள்ள நீலச் சாயம் முதலில் மங்கியதால் வந்த சிவப்பு அது. அவற்றை ஸ்கேன் செய்து ஒரு பிரதி எடுங்கள். மூலப் படத்தை எறிந்துவிடாதீர்கள். ஸ்கேனர் வேண்டும் என்றால் வாங்கும்போதே கவனியுங்கள்: ஆறு வண்ண எப்சன் எல்8050-ல் ஸ்கேனர் கிடையாது, நான்கு வண்ண எல்3210-ல் உண்டு.

அடுத்து, வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பகல் வெளிச்சத்தில், நல்ல உடையில், சிரித்த முகமாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தப் படம் சுவரில் இருக்கட்டும்; அவர்களும் பார்த்து மகிழட்டும்.

உறவினரிடமிருந்து படம் வாங்கும்போது வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். பெரிதாக்கினால் முகம் கலங்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், தோட்டம், வருடம் மூன்றையும் எழுதி வையுங்கள். கேமரன் மலையில் போ தோட்டம் 1929-ல் தொடங்கியது; அன்று காடு வெட்டித் தேயிலை நட்ட கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அவர்களில் எத்தனை பேரின் முகம் நமக்குத் தெரியும்? படம் இருந்தும் பெயர் எழுதாததால் 'இது யாரோ' என்று ஒதுக்கப்பட்ட முகங்கள் எத்தனை?

பெயர் எழுதுவதற்கு ஆகும் மைக்குச் செலவே இல்லை. பிரிண்டர் வாங்கினாலும் சரி, கடையில் கொடுத்தாலும் சரி, இந்த மாதம் பத்தே பத்துப் படங்களைப் பொறுக்கி எடுத்துத் தாளில் கொண்டு வாருங்கள். கணக்கைப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதை வாடவிடாதீர்கள்!