மரத்துக்கு ஊசி போடலாமா?

கிள்ளைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு அண்மையில் போயிருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் பழைய மரங்களை இழந்த விவசாயி, அதன் பிறகு வைத்த மரங்கள் அவை. காய்ப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு மரத்திலும் இடுப்பளவு உயரத்தில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று. அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வழிந்து காய்ந்திருந்தது.

"மாட்டுக்கு ஊசி போடுகிற மாதிரி மரத்துக்கும் போட்டேன் ஐயா. துளை போட்டு மருந்தை ஊற்றிக் களிமண்ணால் அடைத்தேன்" என்றார்.

மாட்டுக்குப் போட்ட ஊசிக்குத்து இரண்டு நாளில் ஆறிவிடும். மாவிலும் வேம்பிலும் பட்டைக்கு அடியில் வளர்திசு உண்டு. காயம் மெல்ல மூடிக்கொள்ளும். தென்னைக்கு அந்தத் திசு கிடையாது. போட்ட ஓட்டை மரம் உள்ள மட்டும் ஓட்டைதான். வழியும் சாற்றின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து அந்தக் காயத்தில் முட்டையிடும். 5 முதல் 20 வயது வரையுள்ள மரங்களையே அது மிகுதியாகத் தாக்குகிறது. புயலுக்குப் பின் வைத்த நம் கடலூர், சிதம்பரம் பகுதித் தென்னைகள் இப்போது அந்த வயதில்தான் நிற்கின்றன.

காயமின்றி மருந்தை உள்ளே செலுத்துவது எப்படி என்று விஞ்ஞானிகளும் யோசிக்காமல் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் பட்டுப் புரதத்தாலேயே நுண்ணூசிகள் செய்து, செடியின் சாறு ஓடும் குழாய்களுக்குள் மருந்தை விட்டார்கள். நீர்க்குழாய்க்கு ஓர் அளவு, உணவுக்குழாய்க்கு வேறோர் அளவு என ஊசியை வடிவமைத்தார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் நுண்ணூசிப் பட்டையைத் தக்காளி இலையில் சில விநாடி அழுத்தி எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் மரபணு மாதிரி பெற்றார்கள். வழக்கமான முறையில் இதற்கு 3, 4 மணி நேரம் பிடிக்கும். பின்கருகல் நோயை முன்கூட்டியே அறிய இது உதவும். ஆனால் இவை இலைக்கும் இளந்தண்டுக்கும் உரியவை, தென்னையின் வைரத்துக்கு அல்ல.

தென்னைக்கு ஊசி அதன் வேர்தான். மரத்தடியிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் பருமனுள்ள உயிர்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். காய்ந்து கறுத்த வேர் உறிஞ்சாது. கூரிய கத்தியால் நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் மருந்தில் மூழ்கும்படி பாலிதீன் பையை நுழைத்துக் கட்டவும். மண்ணில் ஈரம் இருத்தல் வேண்டும். 24 மணி நேரத்தில் உறிஞ்சாவிட்டால் வேறு வேரைப் பார்க்கவும்.

ஈரியோபைட் சிலந்திக்கு 1 சத அசாடிராக்டின் 10 மி.லி.யுடன் 10 மி.லி. தண்ணீர் போதும். தென்னை டானிக்கானால் மரத்துக்கு 40 மி.லி.யுடன் 160 மி.லி. தண்ணீர் சேர்த்து, 6 மாதத்துக்கு ஒரு முறை. பூச்சி மருந்து கட்டுமுன் முற்றிய காய்களை இறக்கிவிடுங்கள். அதன்பின் 45 நாள் வரை காயோ இளநீரோ பறிக்கக் கூடாது. முன்பு வேரில் கட்டிவந்த மோனோகுரோட்டோபாஸ் 36 சதக் கரைசலை மத்திய அரசு 2023-இல் தடை செய்துவிட்டது. வீட்டில் பழைய புட்டி கிடந்தாலும் எடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே துளைத்துவிட்டவர்கள் ஓட்டையைச் சுத்தம் செய்து சிமெண்டு அல்லது தாரால் அடைத்துவிடவும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டவும். ஓட்டையில் மென்ற நார் தெரிந்தாலோ, உள் மட்டைகள் மஞ்சளித்தாலோ வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். தாமதிக்காமல் வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டுங்கள்.