சிப்பித்தூள் கூடினால் கால் நிமிராது

தேத்தண்ணியைக் குடியுங்கள் தம்பி. குடித்துவிட்டு அந்தச் சிப்பித்தூள் சாக்கை முட்டைக் கோழிப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். அதுகளுக்கு ஓடு கட்ட அது வேண்டும். இறைச்சிக் கோழிக் குஞ்சின் கணக்கு வேறு.

பொரிக்கும்போது 40 கிராம் அளவில் இருக்கிற குஞ்சு ஐந்து வாரத்தில் 2 கிலோவைத் தொடுகிறது. அவ்வளவு பாரத்தையும் தாங்க எலும்பு முதலில் குருத்தாக நீளும். பிறகு கல்சியமும் பொஸ்பரசும் ஒன்றாகப் படிந்தால்தான் இறுகும். ஒன்று குறைந்தால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. முதல் மூன்று வாரத் தீனில் கல்சியம் நூற்றுக்கு 1, உடலில் சேரக்கூடிய பொஸ்பரஸ் 0.45 என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிப் பேரவை 1994இல் வரையறுத்தது. முட்டைக் கோழித் தீனில் கல்சியம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

படுவான்கரைச் சோளனிலும் நெல்லுத் தவிட்டிலும் பொஸ்பரஸ் இல்லாமலில்லை. தவிட்டில் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு பைற்றேற்று என்ற சேர்மத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதியம் கோழிக் குடலில் போதாது. அதன்மேல் சிப்பித்தூளையும் அள்ளிப் போட்டால் கல்சியம் பைற்றேற்றோடு ஒட்டி, கிடைக்க இருந்த கொஞ்சத்தையும் தடுத்துவிடும். காலுக்கென்று போட்டதே காலைக் கெடுக்கிறது. பைற்றேஸ் என்ற அந்த நொதியம் 1991 முதல் விற்பனைக்கு வருகிறது. கம்பனிகள் அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் தீன் கலக்கின்றன. அந்தத் தீனில் நாம் தவிடு கலந்தால் கணக்குக் குலைந்துபோகும்.

குஞ்சைத் தூக்கிப் பாருங்கள். எலும்பும் சொண்டும் ரப்பர் மாதிரி வளைந்தால் கல்சியம், பொஸ்பரஸ், வைட்டமின் டி இவற்றில் ஏதோ பிழை. எலும்பு கெட்டியாக இருந்து, குதிமூட்டு வீங்கி, நரம்பு பக்கவாட்டில் வழுகியிருந்தால் பெரும்பாலும் மங்கனீசு. 1936இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நோரிஸ், ஹியூசர் மூவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கிலோ தீனுக்கு 60 மில்லிகிராம் போதும். சோளனில் அது மிகக் குறைவு. தவிட்டில் நிறைய உண்டு. கல்சியம் கூடினால் மங்கனீசும் உடலில் சரியாகச் சேராது. வழுகிய கால் பிறகு மருந்துக்கு நிமிராது, ஆகவே மற்றக் குஞ்சுகளையாவது பாருங்கள்.

தீனை நீங்களே கலப்பதென்றால் முள்ளோடு அரைத்த மீன்தூள் நல்லது. அதன் பொஸ்பரசில் கட்டு இல்லை. உப்புக் கருவாட்டுத் தலையை மட்டும் இடித்துப் போட்டுவிடாதீர்கள்: உப்புக் கூடினால் குஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்தே கழியும்.